கள்ளச்சாராயமும் கேமராவும்: பாப் குவின் எடுத்த படங்கள், நடத்திய சண்டைகள்

1979 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாள். அயர்லாந்தின் தேசியப் பண்டிகை. அன்று அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.இ., ஐரிஷ் மொழியில் ஒரு கதைப்படத்தை ஒளிபரப்பியது. பண்டிகை நாளில் தாய்மொழிப் படம் என்றால் பச்சை வெளி, பாட்டு, கணப்புத் தீயைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லும் பெரியவர் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். திரையில் வந்ததோ கள்ளச்சாராயம் காய்ச்சும் கிழவர், அவரை ஏமாற்றும் இரண்டு போக்கிரிகள், குடிவெறியில் உருளைக்கிழங்கை எடுத்து வீசிக்கொள்ளும் ரகளை. 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய், பட்டினியிலும் நோயிலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்ட நாடு அது. கண்டனங்கள் குவிந்ததில் வியப்பில்லை.

அந்தப் படம் ‘பொச்சீன்’. எடுத்தவர் பாப் குவின். முழுக்க ஐரிஷ் மொழியில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள். அயர்லாந்து சினிமா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நீல் ஜோர்டான், ஜிம் ஷெரிடன் போன்ற பெயர்கள். ஆஸ்கர் வரை போனவர்கள். குவின் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் ‘சுயாதீன இயக்குநர்’ என்ற சொல்லுக்கு ஐரோப்பாவில் ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் முதலில் இவரைத்தான் காட்டுவேன். காரணம், குறைந்த செலவில் படம் எடுத்தது மட்டுமல்ல. யாருக்காக எடுப்பது, எங்கே காட்டுவது, எந்த அலைவரிசையில் ஒளிபரப்புவது என்பதையெல்லாம் அடுத்தவர் கையில் விட மாட்டேன் என்று முப்பது வருடத்துக்கு மேல் பிடிவாதமாக நின்றவர். அவருடைய திரைவாழ்க்கையை வெறும் படப் பட்டியலாகச் சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும்.

குவின் 1935-இல் டப்ளினில் பிறந்தவர். ஐரிஷ் மொழி பேசும் ஊரில் வளர்ந்தவர் அல்ல. 1961-இன் கடைசி நாளில் அயர்லாந்தில் தொலைக்காட்சி தொடங்கியது. அறுபதுகளில் அவர் அங்கே தயாரிப்பாளராக, இயக்குநராக வேலை பார்த்தார். புதிய நிலையம், இளைஞர்கள் நிறைந்த இடம். எதையாவது புதிதாகச் செய்யலாம் என்ற வேகம் ஆரம்பத்தில் இருந்தது. சில வருடங்களில் அது வடிந்தது. உரிமக் கட்டணத்தோடு விளம்பர வருமானத்தையும் நம்பி ஓடிய நிலையம் அது. விளம்பரத்துக்குப் பார்வையாளர் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கைக்கு வெளிநாட்டில் வாங்கிய தொடர்கள் வேண்டும். உள்ளூர் வாழ்க்கையைப் பேசும் நிகழ்ச்சிகள் ஓரத்துக்குப் போயின. 1969-இல் குவின், லீலியா டூலன், ஜாக் டவுலிங் மூன்று பேரும் வேலையை விட்டு வெளியேறினார்கள். சும்மா போகவில்லை. ஒரு பொதுத் தொலைக்காட்சி எப்படி மெல்ல மெல்லத் தன் நோக்கத்தை இழக்கிறது என்பதை விளக்கி மூவரும் சேர்ந்து அதே வருடம் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார்கள். லீலியா டூலன் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலையை விட்ட ஒரு டப்ளின்காரர் லண்டனுக்குப் போயிருக்கலாம். பலர் போனார்கள். குவின் மேற்கே, கால்வே மாவட்டத்தின் கொனமாராவுக்குப் போய்க் குடியேறினார். பாறையும் சதுப்பும் கடலுமான பகுதி. ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக வாழும் சில இடங்களில் ஒன்று. அங்கே அப்போது சூடான காலம். வேலை இல்லை, இளைஞர்கள் கப்பலேறிப் போகிறார்கள், அரசு மொழியை வாயாரப் புகழ்கிறதே தவிர அதைப் பேசுகிற மக்களுக்கு ஒன்றும் செய்வதில்லை என்ற கோபம் 1969-இல் ஒரு குடிமை உரிமை இயக்கமாக வெடித்தது. 1970 ஈஸ்டர் சமயத்தில் அந்த இயக்கத்தினர் அனுமதி இல்லாமலே ஒரு வானொலியை நடத்திக் காட்டினார்கள். இரண்டே வருடத்தில், 1972 ஏப்ரலில், ஐரிஷ் மொழிக்கென்று அரசு வானொலி தொடங்க வேண்டியதாயிற்று. கேட்டுக் கிடைக்காததைச் செய்து காட்டி வாங்கலாம் என்ற பாடத்தைக் குவின் அங்கே கண்ணால் பார்த்தார். 1987-இல் அதையே தொலைக்காட்சியில் செய்யப் போகிறார்.

கராரோ என்ற ஊரில் ‘சினிகேல்’ என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் படத்தொழில் என்றால் 1958-இல் டப்ளினுக்குத் தெற்கே கட்டப்பட்ட ஆர்ட்மோர் ஸ்டுடியோதான். அங்கேயும் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து எடுத்துவிட்டுப் போவார்கள். திரைப்படத்துக்கு அரசு நிதி வாரியம் கிடையாது. பயிற்சிப் பள்ளி கிடையாது. கராரோவில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. குவின் உள்ளூர் நிகழ்வுகளை எடுத்து உள்ளூர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டினார். ஊர் மக்கள் வந்து படம் பார்க்க ஒரு சின்னத் தியேட்டரும் நடத்தினார். அவருடைய மகன் ராபர்ட் குவினும் பின்னாளில் இயக்குநரானார். அந்த நாட்களைப் பற்றி 2004-இல் ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார்.

அங்கிருந்து வந்த முதல் பெரிய முயற்சி 1975-இல் வந்த ‘ஆர்ட் ஓ லீரிக்கான ஒப்பாரி’. 18-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஒரு புராட்டஸ்டன்ட் ஐந்து பவுண்டை நீட்டினால் குதிரையைக் கொடுத்துவிட வேண்டும். ஆர்ட் ஓ லீரி ஐரோப்பாவில் படையதிகாரியாக இருந்துவிட்டு நல்ல குதிரையோடு ஊர் திரும்பியவர். ஆபிரகாம் மாரிஸ் என்ற புராட்டஸ்டன்ட் அதிகாரி அந்தக் குதிரையைக் கேட்டார், இவர் மறுத்தார். பகை முற்றி, 1773 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி எய்லீன் பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரி, ஐரிஷ் மொழிக் கவிதையில் உச்சங்களில் ஒன்று. கணவனின் அழகை, குதிரையின் பாய்ச்சலை, தான் ஓடிப்போய் அவன் இரத்தத்தை அள்ளிக் குடித்ததைப் பாடும் பாட்டு. வாய்வழியாகவே பிழைத்து வந்தது. ஒப்பாரியை இலக்கியமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் வேகம் சட்டென்று பிடிபடும்.

இதைச் சரித்திரப் படமாக எடுத்திருந்தால் உடை, வாள், குதிரை என்று போயிருக்கும். அதற்குக் காசும் இல்லை. குவின் வேறு வழி கண்டார். 1970களின் கொனமாராவில் ஒரு நாடகக் குழு அந்த ஒப்பாரியை மேடையேற்ற ஒத்திகை பார்க்கிறது. அவர்களை இயக்குபவர் ஓர் ஆங்கிலேயர். அந்த வேடத்தில் நடித்தவர் உண்மையிலேயே ஆங்கில நாடகாசிரியரான ஜான் ஆர்டன். ஆர்ட் வேடக்காரராக வந்தவர் உள்ளூர் ஒலிபரப்பாளர் ஷான் பான் ப்ரெஹ்னாக். ஒத்திகையில் இருவருக்கும் முட்டிக்கொள்கிறது. இந்தப் பக்கம் ஒத்திகைக் கூடம், அந்தப் பக்கம் 1773. படம் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் நாடகக்காரன் எங்கே முடிகிறான், ஆர்ட் எங்கே தொடங்குகிறான் என்று பிரித்துப் பார்க்க முடியாது. பணம் வந்தது ‘அதிகாரபூர்வ சின் ஃபெயின்’ கட்சியிடமிருந்து; இரண்டாகப் பிளந்த சின் ஃபெயினில் இடதுசாரிப் பக்கம் சாய்ந்திருந்த பிரிவு அது. கட்சிப் பணத்தில் எடுத்த படம் பிரச்சாரமாகச் சுருங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறோம். இந்தப் படம் சுருங்கவில்லை. ஆர்ட்டை அது தியாகியாக்கவில்லை. திமிர் பிடித்த மனிதனாகவும் காட்டுகிறது. அதனால்தான் இன்றும் பார்க்க முடிகிறது.

சரி, ‘பொச்சீன்’. அது உருளைக்கிழங்கிலோ பார்லியிலோ காய்ச்சும் நாட்டுச் சாராயத்தின் பெயர். 1661-இலேயே அதன்மேல் தடை விழுந்தது. அப்புறம் தலைமுறை தலைமுறையாகத் தனித்த வீடுகளிலும் ஏரித் தீவுகளிலும் திருட்டுத்தனமாக ஓடிய தொழில். படத்தில் சிரில் கியூசாக் சாராயம் காய்ச்சும் கிழவர். ஏரிக்கரை வீட்டில் மகளோடு தனியாக வாழ்கிறார். டோனல் மெக்கானும் நைல் டோபீனும் அவருடைய சரக்கைக் கொண்டுபோய் விற்கும் ஏஜென்டுகள். போலீஸ் சரக்கைப் பிடிக்கிறது. இவர்கள் அதைத் திருடித் திரும்ப எடுக்கிறார்கள். விற்ற பணத்தைக் கிழவருக்குக் கொடுக்காமல் குடித்தே தீர்க்கிறார்கள். பிறகு இன்னும் வேண்டும் என்று வீடு புகுந்து கிழவரையும் மகளையும் மிரட்டுகிறார்கள். கிழவர் கூச்சல் போடவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. ஏரியில் சரக்கு ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி இருவரையும் படகில் அனுப்புகிறார். படகு ஓட்டைப் படகு.

சுமார் ஒரு மணி நேரப் படம். மூன்று பேரும் அந்நாட்டின் முன்னணி நடிகர்கள். கூட நடித்தவர்களில் பலர் ஊர்க்காரர்கள். இந்தச் சேர்மானம் அன்று புதிது. படமெடுக்க அவருக்குக் கைகொடுத்தது கலைக் கவுன்சில் முதல் முறையாக அறிவித்த திரைக்கதை விருது.

இந்தப் படம் ஏன் அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னால் அயர்லாந்தின் மேற்குக் கரை சினிமாவில் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1934-இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி என்ற அமெரிக்கர் அரன் தீவுகளில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அலையோடு போராடும் வீரக் குடும்பம். அந்தக் குடும்பம் நிஜக் குடும்பமே அல்ல. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டவர்கள். படத்தில் தீவுக்காரர்கள் சுறா வேட்டையாடுகிறார்கள். அந்த வழக்கம் அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பே நின்றுபோனது, படத்துக்காகக் கற்றுக்கொடுத்து எடுத்தார்கள். 1952-இல் ஜான் ஃபோர்டு வந்து வண்ணத்தில் ஒரு காதல் நகைச்சுவை எடுத்தார். பச்சை மலை, குடிசை, குத்துச்சண்டை, சிரிக்கும் பாதிரியார். உலகத்துக்கு மேற்கு அயர்லாந்து என்றால் இந்த இரண்டும்தான். சுதந்திர அயர்லாந்தின் அரசும் இந்தப் பிம்பத்தையே விரும்பியது. ஏழை, ஆனால் தூய்மையானவன், ஐரிஷ் பேசுகிறவன், ஆகவே நாட்டின் ஆன்மா.

குவினின் கிழவரும் ஐரிஷ் பேசுகிறார், போக்கிரிகளும் ஐரிஷ் பேசுகிறார்கள். அதே மொழியில் பொய் சொல்கிறார்கள், மிரட்டுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள். ஒரு மொழியைக் கோயில் சிலையாக ஆக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பொறுக்காது. என்னைக் கேட்டால், அந்த மொழிக்கு அவர் செய்த மிகப் பெரிய மரியாதையே இதுதான். வாழும் மொழி என்றால் அதில் அயோக்கியர்களும் இருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் திசை மாறினார். கொனமாராவில் கேட்ட ‘ஷான்-நோஸ்’ என்ற பக்கவாத்தியம் இல்லாத பாட்டுமுறையில், ஒரே எழுத்தைப் பல சுரங்களில் வளைத்து இழுக்கும் அந்தப் பாணியில், வட ஆப்பிரிக்கப் பாடல்களின் சாயல் தெரிகிறதே என்று தோன்றியது. அதைப் பின்தொடர்ந்து கடல்வழியே போனார். ‘அட்லாண்டியன்’ என்ற மூன்று பகுதி ஆவணப்படம் பிறந்தது. பிறகு புத்தகமாகவும் விரிந்தது. அயர்லாந்துக்காரர்கள் மத்திய ஐரோப்பாவிலிருந்து நிலவழியாக வந்த கெல்ட்டுகள் என்பது பள்ளிக்கூடப் பாடம். குவின் சொன்னது வேறு: இவர்கள் கடலோடிகள், ஸ்பெயின், மொராக்கோ எனத் தெற்கே நீளும் அட்லாண்டிக் கரை முழுக்க ஒரே பண்பாட்டுச் சாலை, அந்தச் சாலை வழியாகப் பாட்டும் படகும் கலையும் வந்தன.

வரலாறாகப் பார்த்தால் இதில் பல கண்ணிகள் பலவீனமானவை. இரண்டு பாட்டுகள் காதுக்கு ஒன்றுபோல் கேட்பது அவற்றுக்கு உறவு இருப்பதற்கு ஆதாரம் ஆகாது. நம்மூரிலும் ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் நம்மோடு இணைக்கும் ஆர்வலர்களைப் பார்த்திருக்கிறோம்; அந்த எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி வீண் போகவில்லை. ‘கெல்ட்’ என்ற ஒற்றை இன அடையாளம் எவ்வளவு தூரம் பிற்காலத்துக் கட்டுமானம் என்று தொல்லியலாளர்களே தொண்ணூறுகளில் தீவிரமாக விவாதித்தார்கள். கலைஞர் ஒருவர் ஒரு தேசியக் கதையை உரசிப் பார்க்க எடுத்த படம் என்ற அளவில் எனக்கு அது பிடிக்கும். தீர்ப்பாக ஏற்க மாட்டேன்.

1987-இல் வந்த ‘புடவானி’ அவருடைய படங்களில் மிகத் துணிச்சலானது. மேயோ மாவட்டக் கரைக்கு அப்பால் உள்ள கிளேர் தீவில் எடுக்கப்பட்டது. தீவின் பங்குத்தந்தை, அவர் வீட்டில் வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், இருவருக்கும் இடையே வளரும் உறவு, அவள் கருவுறுவது. பங்குத்தந்தை அதை மறைக்காமல் ஆலயத்திலேயே சபைக்கு அறிவிக்கிறார். கதையின் மூலம் போட்ரிக் ஸ்டாண்டூன் எழுதிய ஐரிஷ் நாவல். அவரே ஒரு பாதிரியார். தீவுப் பகுதி முழுக்கக் கறுப்பு-வெள்ளை, வசனம் கிடையாது, பழைய மௌனப் படங்கள்போல எழுத்து அட்டைகள். டோனல் மெக்கானின் முகமே வசனம். பேசக் கூடாத விஷயத்தைப் பேசும் படத்தை ஊமைப்படமாக எடுத்தது வெறும் உத்தி இல்லை என்று படத்தைப் பார்த்தால் தெரியும். அந்தத் தீவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1992 மே மாதம், கால்வே ஆயர் ஈமன் கேசிக்கு ஒரு மகன் இருப்பது வெளியாகி, அவர் பதவி விலகினார். நாடே ஆடிப்போனது. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி அயர்லாந்தில் தளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குவார்கள். குவின் தன் பழைய படத்தை மறுபடி கையில் எடுத்தார். தீவுக் காட்சிகளை வைத்துக்கொண்டு, அந்தப் பாதிரியாரே பின்னாளில் ஆயராகித் தன் கதையைச் சொல்வதாகப் புதிய பகுதிகளைச் சேர்த்து 1994-இல் ‘ஆயரின் கதை’ என்று வெளியிட்டார். எடுத்து முடித்த படத்தைக் காலம் மாறியதும் திறந்து மறுபடி எழுதுவது அவருக்கு முடிந்தது. படம் அவர் கையில் இருந்தது என்பதே காரணம்.

பணக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1981-இல் ஐரிஷ் திரைப்பட வாரியம் வேலையைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே, இருக்கும் கொஞ்சப் பணத்தில் பெரும் பங்கை ஒரே படத்துக்குக் கொடுத்தார்கள் என்று சுயாதீனப் படக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள். 1987-இல் சார்லஸ் ஹாஹியின் அரசு சிக்கனம் என்று சொல்லி வாரியத்தையே முடக்கியது. ஆறு வருட வறட்சி. அந்த இடைவெளியில் ‘மை லெஃப்ட் ஃபுட்’ இரண்டு ஆஸ்கர் வாங்கியது, 1993 மார்ச்சில் நீல் ஜோர்டானுக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அப்போது கலை, பண்பாடு, கேல்டாக்ட் துறைக்கு அமைச்சராக இருந்தவர் கால்வேகாரரான மைக்கேல் டி. ஹிக்கின்ஸ், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவர். கேல்டாக்ட் என்பது ஐரிஷ் பேசும் பகுதிகளைக் குறிக்கும். அவர் வாரியத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அலுவலகத்தை டப்ளினில் வைக்காமல் கால்வேயில் வைத்தார். தலைவராக லீலியா டூலனை நியமித்தார். 1969-இல் குவினோடு வெளியேறிய அதே டூலன். இடையில் கால்வே திரைப்பட விழாவை நிறுவியவர்களில் ஒருவரும் அவரே. வெளியேறியவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு வருடம் கழித்து அரசுதான் அவர்களிடம் வந்தது.

இதற்கு நடுவில் நடந்தது தொலைக்காட்சிக் கலகம். வானொலி கிடைத்தாகிவிட்டது, ஐரிஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி கேட்டால் செலவு அதிகம், ஆள் இல்லை, முடியாது என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஃபாரோ தீவுகளில், ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத சமூகம் தனக்கென்று தொலைக்காட்சி நடத்துவதைக் குவினும் மொழி உரிமைச் செயல்பாட்டாளர் டொனக்கா ஓ ஹேலஹாவும் உதாரணமாகக் காட்டினார்கள். 1987 நவம்பரில், ஐரிஷ் பண்பாட்டு விழாவான ஒரக்டஸ் கொனமாராவின் ராஸ் மக்கில் நடந்தபோது, ஒரு டிரான்ஸ்மிட்டரை நிறுவி உரிமம் இல்லாமலே சில நாட்கள் ஒளிபரப்பினார்கள். சுற்றுவட்டார வீடுகளில் தங்கள் ஊர்க்காரர்களே தங்கள் மொழியில் திரையில் பேசினார்கள். சட்டப்படி குற்றம். ஆனால் முடியாது என்ற வாதம் அன்றோடு செத்தது. ஒன்பது வருடம் கழித்து, 1996 அக்டோபர் 31-இல், ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. இன்று டி.ஜி.4 என்று அழைக்கப்படும் அதன் தலைமையகம் கொனமாராவிலேயே, கராரோவுக்கு அருகில் உள்ளது.

ஹிக்கின்ஸ் 1995-இல் குவினை ஆர்.டி.இ. ஆட்சிக்குழு உறுப்பினராக்கினார். எந்த நிலையத்தை விட்டு வெளியேறினாரோ அதன் மேல்மட்டத்திலேயே நாற்காலி. பலர் இந்த இடத்தில் சமாதானமாகிவிடுவார்கள். குவின் உள்ளே போய் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: கிறிஸ்துமஸ் சமயத்தில் சின்னக் குழந்தைகளைக் குறிவைத்து வரும் பொம்மை விளம்பரங்களை நிறுத்துங்கள். பொதுத் தொலைக்காட்சி குழந்தையிடம் வியாபாரம் பேசக் கூடாது என்பது அவர் வாதம். நடக்கவில்லை. 1999-இல் பதவியை விட்டு வெளியேறினார். இது சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் உண்டு. 1969-இல் எழுதிய புத்தகத்தின் மையமும் இதுதான், தொலைக்காட்சியை யார் காசு நடத்துகிறது என்பது. முப்பது வருடம் கழித்தும் ஒருவர் அதே இடத்தில் நிற்கிறார் என்பதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் 71,968 பேர். ஒரு சிறு நகர அளவு. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டுதான் இன்று அம்மொழியில் படங்கள் வருகின்றன. 2017-இல் டி.ஜி.4, திரைப்பட வாரியம், ஒலிபரப்பு ஆணையம் மூன்றும் சேர்ந்து ‘சினே4’ என்ற நிதித் திட்டத்தைத் தொடங்கின. அதில் உருவானது கோல்ம் பரேட் இயக்கிய ‘ஆன் கேலின் கியூன்’. சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஐரிஷ் மொழிப் படம் அது, 2023-இல். அடுத்த வருடம் பெல்ஃபாஸ்ட் ராப் பாடகர்களைப் பற்றிய ‘நீகேப்’ அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. போதையும் கெட்ட வார்த்தையும் கலகமும் நிறைந்த ஐரிஷ் மொழிப் படம். ‘பொச்சீன்’ வாங்கிய திட்டு இதற்கும் வந்தது, ஆனால் இந்த முறை கைதட்டல் அதிகம்.

குவினின் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘பொச்சீன்’ படத்திலிருந்து தொடங்குங்கள். குறுகிய படம், கதையும் நேரடியானது. அடுத்து ஒப்பாரிப் படம். அதற்கு முன்னால் அந்தக் கவிதையை ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பில் ஒரு முறை வாசித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு காலங்களுக்கு இடையிலான தாவல்களில் தடுமாற நேரும். ‘புடவானி’யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், தனியாக, சத்தமில்லாத நேரத்தில். ‘ஆயரின் கதை’யும் கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே காட்சிகள் வேறு சட்டகத்துக்குள் எப்படி வேறு அர்த்தம் கொள்கின்றன என்பதைப் படத்தொகுப்பு படிக்கிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.